வானொலி கார் விளம்பரங்கள்: டர்பனில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் முப்பது வருடம் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கு எழுதினேன். வகுப்பு விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாத்தாக்களும் ஆயாக்களும் ஏதாவது கேட்பார்கள். என் மாமாவின் கார் விஷயம் (கீழே சொல்கிறேன்) வெளியே தெரிந்ததிலிருந்து, உள்ளூர் வானொலியில் வரும் கார் டீலர் விளம்பரங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த டீலரையும் எந்த நிலையத்தையும் பெயர் சொல்லவில்லை.

ஒரு கார் விளம்பரம் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது?

ஒரே விளம்பரத்துக்குள் மூன்று பேர் பேசுகிறார்கள், அதனால்தான். கார் தயாரிக்கும் கம்பெனி பல சமயம் டீலரின் விளம்பரச் செலவில் ஒரு பங்கு கொடுக்கும். கொடுத்தால் காரின் முழுப் பெயர், கம்பெனியின் முழக்கவரி எல்லாம் சொல்லியாக வேண்டும். அடுத்து டீலர் தன் பெயர், கிளைகள், எந்தச் சாலை, எந்தத் தேதி வரை சலுகை என்று சொல்வார். கடைசியில் கடன் கொடுப்பவரின் நிபந்தனைகள். பத்திரிகையில் இதையெல்லாம் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிடலாம். வானொலியில் மூலை கிடையாது, எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும். நிதானமாகப் பேசினால் 30 வினாடியில் 75, 80 ஆங்கிலச் சொற்கள்தான் அடங்கும். அதனால் ஒன்று விளம்பரம் 60 வினாடிக்கு நீள்கிறது, இல்லை பேசுகிறவர் மூச்சுவிடாமல் ஓடுகிறார். பெரும்பாலும் இரண்டும் நடக்கிறது.

போன் நம்பரை எதற்கு மூன்று தடவை சொல்கிறார்கள்?

வண்டி ஓட்டுகிறவர் பேனா எடுக்க முடியாது. முதல் தடவை கவனிப்பார், இரண்டாவது தடவை பிடித்துக்கொள்வார், மூன்றாவது தடவை மனதில் பதியும் என்பது அவர்கள் கணக்கு. அது பலிக்கிறது. என் வகுப்பில் ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் சொல்லத் தடுமாறிய ஒரு சிறுவன், ஒரு டீலரின் பத்து இலக்க நம்பரை ராகத்தோடு ஒப்பித்தான். அதே நம்பரைத் தமிழ் எண்களில் சொல்லவைத்துத்தான் அவனுக்கு எண்களைக் கற்றுக்கொடுத்தேன்.

காலையிலும் சாயங்காலமும் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? மாதக் கடைசியில் தாங்கவே முடியவில்லை.

காலை ஆறிலிருந்து ஒன்பது, மதியம் மூன்றிலிருந்து ஆறு. ஹிகின்சன் ஹைவேயிலும் என்2 நெடுஞ்சாலையிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. பழைய காரில் உட்கார்ந்திருப்பவரிடம் புதுக் காரைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் விற்பவருக்குக் கிடைக்காது. மாதக் கடைசிக்கு இரண்டு காரணம் உண்டு. இங்கே நிறையப் பேருக்கு 25ஆம் தேதியை ஒட்டிச் சம்பளம் வருகிறது. விற்பனையாளர்களுக்கும் மாதத்துக்கு இத்தனை கார் என்று இலக்கு இருக்கிறது, அது நிறைவேறாமல் இருந்தால் கடைசி வாரத்தில் விளம்பரத்தைக் கூட்டுவார்கள்.

பாட்டு மெதுவாகப் போகிறது, விளம்பரம் வந்ததும் காது கிழிகிறது. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்களா?

நிலையத்தில் யாரோ வேண்டுமென்றே திருகைத் திருப்புவதாக நினைக்க வேண்டாம். பாட்டில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. வீணை தனியாக வரும்போது மெல்ல இருக்கும், மிருதங்கம் சேரும்போது உயரும். விளம்பரம் தயாரிக்கிறவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை அமுக்கி, மெல்லிய இடங்களையெல்லாம் உச்சிக்குப் பக்கத்தில் தூக்கிவைத்து விடுகிறார்கள். உச்சி அதேதான். ஆனால் விளம்பரம் முழுவதும் உச்சியிலேயே நிற்பதால் காதுக்குப் பெரிய சத்தமாகக் கேட்கிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதைக் கம்ப்ரெஷன் என்பார்கள். அமெரிக்காவில் 2010-ல் விளம்பரச் சத்தத்துக்கு ஒரு சட்டம் வந்தது, அது தொலைக்காட்சிக்கு மட்டும், அங்கேயும் வானொலி அதில் சேரவில்லை.

விளம்பரத்தில் சைரன், ஹார்ன், பிரேக் கிறீச்சிடும் சத்தம் வருகிறதே?

இதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் யாராக இருந்தாலும் கண்ணாடியைப் பார்ப்பார், ஒதுங்கப் பார்ப்பார். நெரிசலில் அந்த ஒரு நொடி போதும். ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய ஒலிகளை வானொலி விளம்பரத்தில் சேர்க்கக் கூடாது என்று பிரிட்டனின் ஒலிபரப்பு விளம்பர விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. இங்கேயும் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டிப் புகார் செய்யலாம். எங்கே என்று கீழே சொல்கிறேன்.

கடைசியில் யாரோ கடகடவென்று ஓட்டுகிறாரே, அதில் என்ன சொல்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் 78 வயது ஆயா ஒருவர். இத்தனை பேரில் அவர்தான் சரியான இடத்தில் கைவைத்தார்.

அந்தக் கடகட ஓட்டம் மனிதரின் இயல்பான வேகமில்லை. வேகமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். பிறகு மூச்சு வாங்கும் இடைவெளிகளை வெட்டி எடுக்கிறார்கள். அதற்கும் மேல், குரல் கீச்சிடாதபடி நேரத்தைச் சுருக்கும் மென்பொருளில் போடுகிறார்கள். காருக்கு எத்தனை மாதம் கட்ட வேண்டும், வட்டி எவ்வளவு, கடைசியில் மொத்தமாக எவ்வளவு பாக்கி நிற்கும், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அந்த ஏழெட்டு வினாடிக்குள்தான் இருக்கிறது. முன்னால் வந்த ஐம்பது வினாடியில் நமக்குத் தேவையானது ஒன்றும் இல்லை. கார் வாங்குகிறவருக்கு விளம்பரமே அந்த ஏழெட்டு வினாடிதான்.

அவர்கள் நல்ல மனதோடு அதைச் சேர்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் தேசியக் கடன் சட்டம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் சட்டம், அப்படிக் கேட்கிறது. கடன் விளம்பரம் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது. மாதத் தவணை எவ்வளவு என்று சொன்னால், எத்தனை தவணை, வட்டி, கட்டணமும் கட்டாய இன்சூரன்ஸும் சேர்த்த மொத்தத் தொகை, கடைசியில் நிற்கும் பாக்கி ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். நம் ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் புரிய வேண்டும் என்றுதான் இந்த விதி. புரியாத வேகத்தில் படிப்பதால் அந்த நோக்கமே வீணாகிறது. எரிச்சலைவிட எனக்கு இதில்தான் கோபம்.

'பாலூன்' என்றால் என்ன?

கார் விலையில் ஒரு பகுதியை இப்போது கட்டாமல் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பது. தவணை சின்னதாகத் தெரியும். கடைசியில் ஒரே தடவையாகப் பெரிய தொகை நிற்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

காரின் விலை 2,50,000 ராண்ட். டெபாசிட் இல்லை. 72 மாதம், வருட வட்டி 12 சதவீதம். பாலூன் இல்லாவிட்டால் மாதத் தவணை சுமார் 4,888 ராண்ட், மொத்தம் கட்டுவது சுமார் 3,51,900. அதே காருக்கு 35 சதவீதம், அதாவது 87,500 ராண்ட், பாலூன் வைத்தால் தவணை சுமார் 4,052-க்கு இறங்கும். மாதம் 835 ராண்ட் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் 72 தவணையும் கடைசி 87,500-ம் சேர்த்தால் சுமார் 3,79,200. அதாவது 27,000 ராண்டுக்கு மேல் அதிகம். ஏனென்றால் தள்ளிவைத்த தொகைக்கும் ஆறு வருடம் வட்டி ஓடுகிறது. மாதா மாதம் சேவைக் கட்டணம் 69 ராண்ட் வரை தனியாக வரும், இன்சூரன்ஸும் தனி.

என் மாமா 2018-ல் இப்படித்தான் வாங்கினார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை, வயது 58. வானொலியில் 'டூ திரீ நைன்ஸ்' என்று பாடினார்கள், மாதம் 2,999 ராண்ட். அந்த எண் மட்டும் அவர் மனதில் நின்றது. ஆறு வருடம் ஒரு தவணை தவறவில்லை. 2024-ல், அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே வருடம், 61,000 ராண்ட் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. வங்கி தவறு செய்துவிட்டது என்று சொல்லி அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். அந்த பாலூன் தொகை இரண்டாம் பக்கத்தில் இருந்தது, கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. 2,15,928 ராண்ட் கட்டி முடித்தவருக்கு அந்த 61,000-க்கு மறுபடி கடன், மாதம் 2,055 வீதம் 36 மாதம். 2027-ல்தான் முடியும். "நான் காதால் கேட்டதை நம்பினேன், மாப்பிள்ளை" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பாலூன் எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. கடைசித் தொகைக்கு மாதா மாதம் தனியாகச் சேமிக்கிறவர், நான்காவது வருடமே காரை விற்றுக் கடனை அடைக்கத் திட்டம் வைத்திருப்பவர், தெரிந்து எடுத்துக்கொள்ளலாம். தெரியாமல் எடுப்பதுதான் ஆபத்து.

'பிரைம் வட்டியோடு இணைக்கப்பட்டது' என்கிறார்களே?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. அதோடு 3.5 சதவீதப் புள்ளி சேர்த்தால் பிரைம், வங்கிகள் தங்கள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி. ரெப்போ ஏறினால் உங்கள் தவணையும் ஏறும். விளம்பரத்தில் கேட்ட தவணை ஆறு வருடமும் அப்படியே நிற்கும் என்று நினைக்கக் கூடாது. 2021 நவம்பர் தொடக்கத்தில் பிரைம் 7 சதவீதம், 2023 மே மாதக் கடைசியில் 11.75. மேலே சொன்ன 2,50,000 ராண்ட் காரையே பாலூன் இல்லாமல் 7 சதவீதத்தில் வாங்கியவருக்குத் தவணை சுமார் 4,262, 11.75-ல் வாங்கியவருக்கு சுமார் 4,855. மாறாத வட்டியும் கேட்டு வாங்கலாம், அது தொடக்கத்தில் பெரும்பாலும் சற்று அதிகமாக இருக்கும்.

கடன் பட்டியலில் பெயர் கெட்டவர்களும் வரலாம், செக் பண்ண மாட்டோம் என்று ஒரு விளம்பரம் கேட்டேன். உண்மையா?

அப்படி விளம்பரம் செய்வதே விதிகளுக்கு எதிரானது. கடன் கொடுப்பவர் உங்களால் கட்ட முடியுமா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் கொடுத்தால் அது பொறுப்பில்லாத கடன். பெரும்பாலும் அவர்கள் விற்பது காரை அல்ல, பல வருடம் வாடகை கட்டி முடிவில் வாங்கிக்கொள்ளும் திட்டம். இரண்டு தவணை தவறினால் வண்டியும் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். விலகிப் போங்கள்.

'இன்னும் மூன்றே கார்' என்றார்கள். போனால் அந்த விலையில் ஒன்றும் இல்லை, வேறு காரைக் காட்டுகிறார்கள்.

இதற்கு 2008ஆம் ஆண்டின் 68ஆம் சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 30ஆம் பிரிவே இருக்கிறது. தூண்டிலில் புழு வைப்பது போல ஒரு விலையைச் சொல்லி இழுப்பதைத் தடுக்கிறது. எத்தனை கார் என்று அவர்களே சொன்னால் அத்தனை காராவது அந்த விலையில் இருந்திருக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு விளம்பரம் கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீர்கள் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெரியவர்கள் ஏன் வானொலியில் சொன்னால் அப்படியே நம்புகிறார்கள்?

என் பதில் கொஞ்சம் சொந்த அனுபவம். 1983-ல் ரேடியோ லோட்டஸ் தொடங்கியபோது எங்கள் ஆயா சமையலறை அலமாரியில் ரேடியோவுக்கு ஒரு தனி இடம் ஒதுக்கினார். தமிழ்ப் பாட்டு வந்தால் குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். தெருவில், பள்ளியில், கடையில் எங்கும் இல்லாத நம் மொழி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. சாவுச் செய்தி, கோயில் திருவிழா, காவடி எந்த நாள் என்பதெல்லாம் அதில்தான் தெரிந்துகொண்டோம். அப்படி வளர்ந்த தலைமுறைக்கு வானொலிக் குரல் வீட்டு மனிதரின் குரல். அறிவிப்பாளரே விளம்பரத்தையும் வாசித்தால் அவர் பரிந்துரைக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லாதீர்கள். அது காசு கொடுத்து வாங்கிய நேரம், அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், போதும்.

விளம்பரம் கேட்டுப் பிடித்துவிட்டது. டீலரிடம் என்ன கேட்க வேண்டும்?

தவணை எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். "முதல் ராண்டிலிருந்து கடைசி ராண்ட் வரை என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். பாலூன் உண்டா, உண்டென்றால் ராண்டில் எவ்வளவு என்று கேளுங்கள். சதவீதத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். பதிவு, லைசென்ஸ், வண்டியைத் தயார்செய்து கொடுக்க டீலர் போடும் 'ஆன் த ரோட்' கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு கடன் விவரம் எழுதிய கொட்டேஷன் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கடன் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்துக்கு முன் அந்தத் தாளைக் கொடுத்தாக வேண்டும், அதில் உள்ள விவரம் ஐந்து வேலை நாள் அவர்களைக் கட்டுப்படுத்தும். 'இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இந்த வட்டி கிடைக்காது' என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்த ஐந்து நாளைச் சொல்லுங்கள். வீட்டில் மகனோ மகளோ பேத்தியோ பார்க்கட்டும். கடனோடு சேர்த்து ஒரு இன்சூரன்ஸைக் கொடுத்தால், அதை விட்டுவிட்டு நீங்களே வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

விளம்பரம் ஏமாற்றுகிறது என்று தோன்றினால் எங்கே புகார் செய்வது?

விளம்பர ஒழுங்குமுறை வாரியம். ஆங்கில எழுத்துகளில் ஏ.ஆர்.பி. என்பார்கள். முன்பு இருந்த விளம்பரத் தர அமைப்பு மூடப்பட்ட பிறகு 2018-ல் இது வந்தது. பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. நிலையம், தேதி, நேரம், டீலர் பெயர், விளம்பரத்தில் சொன்னது, அதில் எது தவறு ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். டீலர் அதில் உறுப்பினர் இல்லாவிட்டாலும் பயன் உண்டு. அந்த விளம்பரம் கூடாது என்று வாரியம் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னால் ஒலிபரப்பு நிறுவனங்கள் அதை ஏற்காது. டீலருக்கு வாய் இருந்தும் ஒலிபெருக்கி இல்லாமல் போகும்.

கடன் விவரம் மறைக்கப்பட்டால் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பு. வாங்கிய காரில் கோளாறு, டீலர் கைவிரிக்கிறார் என்றால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளர். டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் பொதுவாக ஆறு மாதம் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் முன்கூட்டியே குறையைச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் குறைக்குக் கிடையாது. ஒலிபரப்புப் புகார் ஆணையம் என்று ஒன்றும் இருக்கிறது, அது நிகழ்ச்சிகளுக்கானது. பலர் விளம்பரப் புகாரை அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

பொய் எதுவும் இல்லை, வெறும் எரிச்சல்தான். அதற்குப் புகார் உண்டா?

நீளத்துக்கும் எரிச்சலுக்கும் ஒழுங்குமுறை வாரியத்தில் இடம் இல்லை. நேராக நிலையத்துக்கு எழுதுங்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு ஒன்று, விளம்பர விற்பனைப் பிரிவுக்கு ஒன்று. 'எரிச்சலாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் நகராது. 'செவ்வாய் சாயங்காலம் 5.10-க்கு உங்கள் நிலையத்தை மாற்றிவிட்டேன், மறுபடி திரும்பவில்லை' என்று எழுதுங்கள். கேட்பவர் போய்விட்டால் விளம்பர நேரத்தின் விலையும் போகும், அதை அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

நீங்கள் எழுதியதில் ஏதாவது நடந்ததா?

இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று சைரனைப் பற்றி. மூன்று வாரத்தில் அந்த ஒலியை எடுத்துவிட்டார்கள், அதே விளம்பரம் சைரன் இல்லாமல் ஓடியது. இன்னொன்று, நிபந்தனைகளை மற்ற வரிகளைப் படிக்கும் அதே வேகத்தில் படிக்கச் சொல்லி. அதற்கு நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, வேகம் மாறவில்லை. அடுத்த கடிதத்தில் மாமாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். வகுப்புக்கு வரும் பெற்றோரில் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தால் நீங்களும் போடலாம், வாசித்துப் பார்த்துவிட்டு.